காற்று கலைத்த வாய்ப்பாடு

கடப்பாக்கத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளியில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டை ராகம் போட்டு, கூரை அதிரச் சொல்வார்கள். ஏழெட்டு எவ்வளவு என்று தனியாகக் கேட்டால் மட்டும், அத்தனை பேரும் "ஓரேழ் ஏழு" என்று முதலிலிருந்து கிளம்புவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ராகத்தை ஒழித்துவிடுவது என்று, கணக்குகளை அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, ரப்பர் பேண்டு போட்டு வைத்தேன். தினமும் மேலிருந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். கொஞ்ச நாளில் பதில்கள் பட்டாசாக வெடித்தன. சிலர் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டே சொன்னார்கள். அவ்வளவு சரளம் என்று பூரித்துப்போய், தலைமையாசிரியரைக் கூட்டிவந்து உட்கார வைத்தேன்.

ரப்பர் பேண்டைக் கழற்றியதுதான் தாமதம், கடல்காற்று அட்டைகளை வகுப்பு முழுக்க வாரி இறைத்தது. பிள்ளைகள் ஓடியோடிப் பொறுக்கி, தரையில் உட்கார்ந்து தங்களுக்குள் என்னவோ சண்டை போட்டு, ஒருவழியாக அட்டைக்கட்டை என் கையில் கொடுத்தார்கள்.

முதல் அட்டையை நான் இன்னும் திருப்பவேயில்லை.

"அம்பத்தாறு!" என்று வகுப்பே கத்தியது.

திருப்பிப் பார்த்தேன். ஏழெட்டுதான்.

"பாக்காமலே எப்படிடா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

முன்வரிசைப் பெண் என்மேல் பரிதாபப்பட்டாள். "காத்துல வரிசை கலஞ்சி பூட்ச்சி டீச்சர். பெரிய சார்கிட்ட நீங்க திட்டு வாங்கக் கூடாதுன்னு, நாங்களே பழையபடி அடுக்கிட்டோம்."