மழையில் எனக்கு முன்னால் ஓடிய பெயர்

என் பெயர் செண்பகம். தென்காசியில் சின்னதாகத் தையற்கடை வைத்திருக்கிறேன். கீழப்பாவூர் நரசிம்மரை நம்பிக் காலம் தள்ளுகிறவர்களில் நானும் ஒருத்தி. அவர் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொல்லக் கூச்சமாகவும் இருக்கிறது. எனக்கு வந்த நோய் பொறாமை. அதுவும் உயிரோடு இல்லாத ஒருத்தி மேல்.

என் வீட்டுக்காரர் போலீஸில் ஏட்டு. நான் அவருக்கு இரண்டாம் தாரம். முதல் மனைவி கோமதி, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது அவர்கள் மகள் உமா நடை பழகி முடித்த குழந்தை. அந்தக் குழந்தையை வளர்க்கத்தான் நான் வந்தேன். கோமதியை நான் ஒருநாளும் நேரில் கண்டதில்லை. ஆனால் அவளைப் பற்றிக் கேட்காமல் ஒருநாளும் விடிந்ததில்லை. கூடத்தில் மாலை போட்ட படம். அலமாரி நிறைய ஓட்டப் பந்தயங்களில் அவள் வாங்கிய கோப்பைகள். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் கூட, "கோமதி டீச்சர் வீட்டுக்காரர் தான உங்க வீட்டுக்காரர்?" என்று கேட்பார்கள். அவரை நான்தான் கட்டிக்கொண்டு இருக்கிறேன். இருந்தாலும் அவர் கோமதி வீட்டுக்காரர்.

உமா நன்றாக ஓடுவாள். விடியற்காலையில் மைதானத்துக்கு ஸ்கூட்டியில் கூட்டிப்போவது நான். காலுக்கு எண்ணெய் தேய்ப்பது நான். அவள் கோப்பை வாங்கினால், "அம்மா ரத்தம்லா" என்பார்கள். மார்க் குறைந்தால், "தாயில்லாப் பிள்ளை, பாவம்" என்பார்கள். இரண்டிலும் நான் இல்லை.

அந்த எரிச்சலில் ஒரு பழக்கம் வந்தது. கோமதியைப் பற்றி யார் பேசினாலும் காது கொடுத்துக் கேட்பேன். கடைக்கு வருகிற பழைய டீச்சர்களிடம் நானே வாயைக் கிளறுவேன். ஏதாவது ஒரு குறை கிடைக்காதா என்றுதான். கிடைத்தால் அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கும்.

போன வருஷம் மாவட்டப் போட்டியில் உமா எல்லோருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தவள், பாதியில் நின்றாள். விழவில்லை. அடிபடவில்லை. பேசாமல் தடத்தை விட்டு நடந்து வெளியே வந்துவிட்டாள். அதோடு ஓட்டம் நின்றது. பேச்சு நின்றது. சாப்பாடு குறைந்து குறைந்து கன்னம் ஒட்டிவிட்டது. டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றும் இல்லை, மனசுதான் என்றார். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். பதில் வராது. என் பிள்ளை என் கண் முன்னால் கரைந்துகொண்டிருந்தாள்.

வாசுதேவநல்லூரிலிருந்து கோமதியின் அண்ணன் சங்கரன் அண்ணாச்சி வந்தார். நல்ல மனிதர். "பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன் தாயி. அவ அம்மா வளந்த வீடு. அங்கன இருந்தா சரியாயிரும்" என்றார். என் வீட்டுக்காரர் தலையாட்டினார். போனால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குப் பட்டது. ஆனி முடியட்டும், அனுப்புகிறோம் என்று தவணை கேட்டேன்.

அந்த மாதம் நரசிம்மருக்கு உகந்த சுவாதி நட்சத்திரத்தன்று கீழப்பாவூருக்குப் பானகம் கொண்டுபோனேன். சன்னதியில் மற்றவர்கள் பிள்ளை வரம் கேட்டார்கள், கல்யாணம் கேட்டார்கள். நான் கேட்டதைக் கேளுங்கள். "சாமி, கோமதியை என் வீட்டை விட்டு அனுப்பு. என் பிள்ளையை எனக்கே கொடு." செத்தவளை வெளியேற்றச் சொல்லிக் கேட்டவள் அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கேட்டுவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அதே வாரத்தில் உமா கடைக்கு வந்து மெஷின் பக்கத்தில் நின்றாள்.

"சித்தி, குற்றாலத்துல சீசனுக்கு ஹாஃப் மாரத்தான் வைக்காவளாம். இருபத்தோரு கிலோமீட்டர். நீங்க கூட வந்தா ஓடுதேன்."

"நானா? சுகருக்கு நடக்கவே எனக்கு மூச்சு வாங்குது."

"நீங்க வாங்க."

அன்று ராத்திரி மூன்று தோசை சாப்பிட்டாள். பிறகு நான் எப்படி மாட்டேன் என்பேன்? மறுநாள் விடியுமுன்னே இலஞ்சி ரோட்டில் இரண்டு பேரும் ஓடத் தொடங்கினோம். முதல் வாரம் கடையில் பெடல் மிதிக்கக் கால் வரவில்லை. ஆனாலும் உள்ளே ஒரு குதூகலம். கூப்பிட்டது என்னை. கோமதியை இல்லை. அந்த அற்ப சந்தோஷத்திலேயே நான் மாதக்கணக்கில் ஓடிப் பழகினேன்.

ஓட்டத்தன்று காலையில் பெய்தது சாரல் இல்லை. அடைமழை. தென்காசி மைதானத்தில் எல்லோரும் நடுங்கிக்கொண்டு நின்றோம். சங்கரன் அண்ணாச்சி குடையோடு வந்து, உமா கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார். உள்ளே புது பனியன். முதுகில் கொட்டை எழுத்தில் 'கோமதி' என்று அச்சடித்திருந்தது. உமா அதை மாட்டிக்கொண்டாள். ஊருக்கெல்லாம் துணி தைக்கிறவள் நான். அவள் போடப்போகிற சட்டையை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய தீ அப்படியே பற்றிக்கொண்டது.

ஓடத் தொடங்கினோம். உமா முன்னால். நான் பின்னால். மழையில் எதிரே வருகிற முகம் கூடத் தெரியவில்லை, அந்தப் பெயர் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. மேலகரம் தாண்டும்வரை அதைப் பார்த்துக்கொண்டேதான் ஓடினேன். "நான் கேட்டது என்ன, நீ செய்கிறது என்ன சாமி?" என்று மனசுக்குள் சண்டை போட்டேன். முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு வேன் பின்னால் வந்துகொண்டிருந்தது. அதில் ஏறிவிடலாமா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

குற்றாலத்தில் பெரிய அருவி வெள்ளமாகக் கொட்டியது. குளிக்க விடாமல் போலீஸ் கயிறு கட்டியிருந்தது. ஐந்தருவி ரோட்டில் ஏறும்போது ஒரு சிப்ஸ் கடைக்கார அம்மா அந்தப் பெயரைப் படித்துவிட்டுச் சத்தம் போட்டாள். "ஏட்டி, கோமதி டீச்சர் மவளா? அப்படியே ஒங்கம்மா மாதிரியே ஓடுதியே!"

உமா நின்றுவிட்டாள். மாவட்டப் போட்டியில் நின்ற மாதிரியே. நடந்துபோய் ஓரத்தில் இருந்த பாலத்துச் சுவரில் உட்கார்ந்தாள்.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தேன். "கால் பிடிச்சிட்டா உமா?"

"காலு நல்லாத்தான் இருக்கு." மழையில் அவள் அழுவது குரலில்தான் தெரிந்தது. "அன்னைக்கும் இப்படித்தான் ஒருத்தர் சொன்னாரு. அம்மா மாதிரி, அம்மா மாதிரின்னு எல்லாரும் சொல்லுதாவ. அம்மா எப்படி ஓடுவான்னு எனக்குத் தெரியாது சித்தி. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. குரல் கூட இல்ல. ஊருக்கெல்லாம் அவளத் தெரியுது. எனக்கு மட்டும் தெரியல. எரியுது சித்தி. அவளப் பாத்தவங்களப் பாத்தாலே எரியுது."

பொய் சொல்லமாட்டேன். என் மனசில் முதலில் வந்தது சந்தோஷம்தான். இவளுக்குள் கோமதி இல்லவே இல்லை. நான் இத்தனை வருஷம் வெறும் காற்றோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். ஆனால் அடுத்த நொடியே அவள் முகத்தைப் பார்த்தேன். எரிகிறது என்றாளே, அந்த எரிச்சல் எனக்குத் தெரியும். அதைச் சுமந்துகொண்டு சோறு இறங்காது, தூக்கம் வராது. என்னை விட்டால் இந்தப் பிள்ளைக்கு அது புரிகிறவர்கள் யார்?

என் வாய் தானாகத் திறந்தது. அதைத்தான் நான் நரசிம்மர் செயல் என்று சொல்கிறேன்.

"ஒங்கம்மா செருப்பு, ஷூ ஒண்ணும் போடமாட்டா. வெறுங்காலோடதான் ஓடுவா. கன்னத்துல ஒரு துண்டு கருப்பட்டி அடக்கி வச்சிருப்பா. வலது கையை மட்டும் நெஞ்சுக்கு மேல தூக்குவா. அது தப்புன்னு அவ கோச் திட்டுவாராம், இவ கேக்க மாட்டாளாம்."

உமா நிமிர்ந்தாள். அவள் வலது கையும் அப்படித்தான் ஏறும்.

"நீங்க அம்மாவப் பாத்ததே இல்லியே. எப்படிச் சித்தி தெரிஞ்சு வச்சிருக்கிய?"

"பொறாமைல கேட்டு வச்சதுதான்."

அவள் சிரித்தாள். எத்தனை மாதம் கழித்து! "இன்னும் சொல்லுங்க."

"எந்திரி. ஓடிக்கிட்டே சொல்லுதேன்."

வருஷக்கணக்கில் நான் சேர்த்து வைத்ததெல்லாம் அன்றைக்கு மழையில் வெளியே வந்தது. பாதிக்கு மேல் குறைகள். அவளுக்கு ரசம் வைக்கத் தெரியாது. பாட்டு என்றால் சுருதி சேராது, ஆனால் பாடாமல் இருக்கமாட்டாள். தவளையைக் கண்டால் மேஜை மேல் ஏறிவிடுவாள். கோபத்தில் ஒரு தடவை ஹெட்மாஸ்டர் மேலேயே விசிலைக் கழற்றி எறிந்தாள். உமா ஒவ்வொன்றுக்கும், "நெசமாவா?" என்றாள். மற்றவர்கள் எல்லோரும் அவளிடம் ஒரு தெய்வத்தைத்தான் சொல்லியிருந்தார்கள். ஒரு பொம்பிளையைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

பாதித் தூரம் முடிந்து திரும்புகிற ஐந்தருவியில் என் வீட்டுக்காரர் மழைக்கோட்டோடு பந்தோபஸ்தில் நின்றார். நாங்கள் சிரித்துக்கொண்டு வருவதைப் பார்த்து முழித்தார். "ஏங்க, கோமதி அக்காவுக்குத் தவளைன்னா பயந்தான?" என்று கேட்டேன். அக்கா என்று அன்றைக்குத்தான் முதல் தடவை சொன்னேன். நாங்கள் திரும்பி இறங்கும்போது அவர் பின்னாலிருந்து கத்தினார். "பல்லிக்கும் பயம்!"

கடைசி ஆட்களில் இரண்டு பேராக மைதானத்துக்கு வந்து சேர்ந்தோம். ஓட்டம் முடிகிற இடத்தில் கட்டியிருந்த வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். குடையோடு காத்திருந்த அண்ணாச்சியிடம் உமா நேரே போய், "மாமா, அம்மா ஹெட்மாஸ்டர் மேல விசிலத் தூக்கி எறிஞ்சாளாமே, ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றாள். அவர் திகைத்து, "அதெல்லாம் எதுக்குத் தாயி" என்றார். பிறகு ஈரப் படியிலேயே உட்கார்ந்து, கோமதி சின்ன வயதில் செய்த சேட்டைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.

உமா வாசுதேவநல்லூருக்கு லீவில் போகிறாள், வந்துவிடுகிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள், ஓடுகிறாள். உடற்கல்வி படிக்கச் சேர்ந்திருக்கிறாள். இன்றும் என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுகிறாள். அது எனக்குப் போதும். எனக்குள் அந்தத் தீ அடியோடு அணைந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். சில நாள் சுருக்கென்று ஒரு குத்தல் வரும். அப்போது உமாவைக் கூப்பிட்டு, அவள் அம்மாவைப் பற்றி இன்னும் சொல்லாதது எதையாவது சொல்வேன். குத்தல் போய்விடும்.

அன்பர்களே, இப்படிக் கேட்கலாமா, கூடாதா என்று தயங்கி யாரும் அவர் சன்னதிக்கு வெளியிலேயே நின்றுவிடாதீர்கள். மனசில் இருப்பது அழுக்கானாலும் அதை அப்படியே சொல்லுங்கள். நல்ல வார்த்தை தேட வேண்டாம். கோமதியை அனுப்பு என்றுதான் நான் கேட்டேன். அவர் அவளை எங்கள் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்தார், என் பிள்ளையும் எனக்குக் கிடைத்தாள். நம்பி ஒரு சுவாதிக்கு வந்து பாருங்கள். நானும் உமாவும் அங்கேதான் இருப்போம்.