கேன் தண்ணீரில் கழுவிய வெள்ளி

முகப்பவுடர் போலத்தான் இருக்கும் அந்தச் சிலிக்கா. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நீளத் துளைகள். வெள்ளி நைட்ரேட் கரைசலில் அதை ஊற வைத்து, மேலே ஒட்டியிருப்பதைக் கழுவி, ஹைட்ரஜன் வாயுவில் சூடாக்கினால், துளைக்குள் புகுந்த உப்பு வெள்ளியாகி, அந்தத் துளையின் வடிவத்திலேயே கம்பியாக வளரும். பிறகு சிலிக்காவைக் காஸ்டிக் சோடாவில் கரைத்துவிட்டால் கம்பி மட்டும் மிஞ்சும். சொல்வதற்கு இரண்டு நிமிடம். நாலு வருஷமாகியும் எனக்கு ஒரு கம்பிகூட வரவில்லை.

ஆய்வகத்தில் மூன்று பேராகத் தொடங்கினோம். வழிகாட்டிப் பேராசிரியர் ஓய்வு பெற்று மகளோடு வெளிநாடு போய்விட்டார். வாரம் ஒரு மின்னஞ்சல் வரும். கூட இருந்தவள் கல்யாணமாகிப் போனாள். மிச்சம் நானும் உலையும். உலை பேசாது, அதனிடம் பேசிப் பேசி நானும் ஓய்ந்துவிட்டேன்.

அன்று பௌர்ணமி, கல்லூரி விடுமுறை. இரண்டு நாளில் சென்னையில் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு முறை வாங்கியிருந்தேன். கம்பி தெரிந்தால் ஆய்வேட்டை எழுதிவிட்டுக் கிளம்பலாம். இல்லையென்றால் இன்னொரு வருஷம் இதே அறை, இதே தனிமை. கழுவப் போகும் நேரத்தில் பார்த்தால் டிஸ்டில்ட் வாட்டர் தீர்ந்திருந்தது. கடைக்காரர் போனில், கிரிவலக் கூட்டத்தில் வண்டியை விட மாட்டார்கள், நாளைக்குத்தான் என்றார். அதுவரை காத்திருந்தால் உலை வேலை முடியாமல் சென்னை முறை போய்விடும். சுத்தமான தண்ணீர்தானே என்று குடிக்கிற கேனைத் திறந்து ஊற்றினேன். பால் கலந்த மாதிரி வெளுத்துவிட்டது. எங்கள் ஊர் போர் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி. சுத்திகரித்தாலும் கொஞ்சம் தங்கும். வெள்ளி நைட்ரேட் அந்த உப்போடு சேர்ந்து வெள்ளைப் பொடியாகி அதை உடனே காட்டிக்கொடுத்துவிடும். டியூஷன் பிள்ளைகளுக்கு நானே நடத்திய பாடம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது. அம்மாவுக்குப் போன் செய்தேன். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் மோர்க்கடை வைத்திருக்கிறாள். பௌர்ணமிதான் அவளுக்கு வியாபாரம். “சாப்ட்டியா? கூட்டம் ஜாஸ்தியா இருக்குது, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் அந்த வெள்ளைப் பொடி மெல்ல ஊதாவாக மாறியது. அதைப் பார்த்துக்கொண்டே அழுதேன்.

இருந்ததை வைத்து மீதி வேலையை முடித்துச் சென்னைக்குக் கொண்டுபோனேன். திரை முழுக்க உருண்டை உருண்டையாக வெள்ளிக் கட்டிகள். ஒரு மூலையில் மட்டும், நேராக, ஒரே ஒரு கம்பி. நுண்ணோக்கியை இயக்கியவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “இத மட்டும் போட்டுடுங்க மேடம். மத்தத யார் கேக்கப் போறாங்க?”

ஆசையாகத்தான் இருந்தது. அந்த அறையிலிருந்து வெளியே வர எனக்கு அந்த ஒரு படம் போதும். ஆனால் மற்றதை நான் பார்த்துவிட்டேனே. எல்லாவற்றையும் படம் எடுக்கச் சொன்னேன்.

வாரக் கடைசியில் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என் போனில் படங்களைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். அந்தக் கம்பியையே வெகுநேரம் பார்த்தாள்.

“இன்னும் ஒரு வருஷம் தனியாவா?”

“ஆமாம்மா.”

“அன்னிக்கி இதச் சொல்லத்தான் போன் பண்ணியா?”

தலையாட்டினேன்.

“நான் சாப்ட்டியானு கேட்டுட்டு வெச்சிட்டேன்” என்றாள், போனை என்னிடம் திருப்பிக் கொடுக்காமல்.