இருநூற்றுப் பதினைந்தாவது குழந்தை

“எத்தனாவது வளைவுலீங்க?”

ஜீப்பிலிருந்து இறங்கித் தள்ளாடி நின்ற புள்ளியியல்காரரின் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைத் திணித்துக்கொண்டே ராசாமணி கேட்டாள். “முப்பத்தொண்ணு” என்று அவர் ஈனசுரத்தில் சொன்னதும், குறிப்பேட்டைத் திறந்து பெயருக்கு நேரே 31 என்று எழுதினாள். கொல்லிமலைச் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் எழுபது. வருகிற விருந்தாளி எந்த வளைவில் வாந்தி எடுத்தார் என்பதை வைத்துத்தான் அவருடைய நாளை அவள் வகுப்பாள். நாற்பதுக்குள் என்றால் மதியம் வரை பாயும் மோரும். நாற்பதைத் தாண்டியவருக்கு இரண்டு இட்லி, பிறகு கூட்டம். எழுபதையும் தாண்டி வயிறு கலங்காமல் இறங்கியவர்கள் என்று ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தாள். இரண்டு வருஷமாக அந்தப் பக்கம் வெள்ளையாகவே கிடந்தது.

ராசாமணிக்கு நாற்பத்து நான்கு வயது. சொந்த ஊர் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மலையேறினால் சனிக்கிழமைதான் இறங்குவாள். மலைக் குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள் என்று மூன்று வருஷம் அளந்து பார்க்கும் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றின் நிர்வாக ஒருங்கிணைப்பாளர். அது என்ன உத்தியோகம் என்று கட்டிய கணவரே இன்னும் விளங்காமல் கேட்பார். “டாக்டருங்க புள்ளைங்களப் பாப்பாங்க, நான் டாக்டருங்களப் பாப்பேன்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள்.

ஜீப்புக்கு டீசல், ரத்த மாதிரிக்கு ஐஸ் பெட்டி, தாய்மாருக்குச் சம்மதப் படிவம், எதற்கும் மூன்று பிரதி. ரப்பர் முத்திரையை ‘ஹா’ என்று வாயருகே வைத்து ஊதித்தான் குத்துவாள். மைப்பெட்டி காய்ந்து ஒரு வருஷம் ஆகிறது, புதிது கேட்டு எழுதிய மூன்று கடிதங்களிலும் அதே முத்திரையைத்தான் குத்தியிருந்தாள். கேட்ட காகிதம் அரை நிமிஷத்தில் கைக்கு வரும். அவள் அலமாரிக்குள் போன காகிதம் தொலைந்ததாகச் சரித்திரமில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு, இருக்கட்டுமே.

அப்பேர்ப்பட்ட ராசாமணி மாட்டிக்கொண்டது ஒரு பலாப்பழத்தால்.

திட்டம் தொடங்கிய முதல் மாதம், எடை போடும் நாளன்று, தாய்மார் அத்தனை பேரும் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆனால் ஒருத்தியும் எழுந்து குழந்தையைத் தராசில் வைக்கவில்லை. தராசு முதலில் தூக்குகிற உருப்படியின் வளர்த்தியைத் தின்றுவிடும் என்று அந்த ஊரில் ஒரு பேச்சு. யார் குழந்தை முதலில் போவது? கடைசியில் பெருமாயி என்ற மிளகுத் தோட்டக்காரி, இடுப்பில் குழந்தையும் தலையில் பலாப்பழமுமாக வந்தவள், பழத்தை இறக்கித் தராசில் வைத்தாள். “மொதல்ல இதத் திங்கட்டும். வகுறு ரொம்பிருச்சுன்னா எம் புள்ளையத் தொடாது.” அதற்குப் பிறகு வரிசை மளமளவென்று நகர்ந்தது.

அன்றிலிருந்து மாதா மாதம் பழம்தான் முதல் போணி. பலா இல்லாத மாதத்தில் பூசணிக்காய். இதில் ஒரு குழப்பமும் இல்லை. குழப்பம் செய்தது தராசோடு ஒட்டிக்கொண்டு வந்த டேப்லெட். தராசில் எது ஏறினாலும் அது பதிந்துகொள்ளும், பதிந்ததை அழிக்க விடாது, ஏதாவது ஒரு குழந்தையின் எண்ணில் சேர்க்காமல் அடுத்த பக்கத்துக்குப் போகாது. ஜீப்பும் ஓட்டி டேப்லெட்டும் தட்டுகிற கவியரசன், “பெருமாயிக்கா புள்ள நம்பர்லயே போட்டு உட்டறட்டுங்களா?” என்று கேட்டான். ராசாமணிக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. “ஏனப்பா, அந்தப் புள்ள ஏழு கிலோ. அது கணக்குல பதினொரு கிலோ பழத்தச் சேத்துவியா? ஒரு புள்ள பதிவும் கெடக்கூடாது. இதுக்குன்னு தனி நம்பர் போடு.”

ஊரில் குழந்தைகள் இருநூற்றுப் பதினான்கு. பழத்துக்கு 215 கிடைத்தது. டேப்லெட் பெயர் கேட்டது, செல்லக்கண்ணு என்று போட்டார்கள். தாய் பெயர் கேட்டது. “எங்கம்மா பேரப் போடட்டுங்களா?” என்றான் கவியரசன். “பாவம், அவங்கள எதுக்கு இழுக்குற? எம் பேரப் போடு” என்றாள் ராசாமணி. நல்ல மனசுக்காரி. அந்த நல்ல மனசுதான் பின்னால் கழுத்துக்கு வந்தது.

டேப்லெட் அதோடு விட்டதா? உயரம் கேட்டது, டேப்பை வைத்து அளந்தார்கள். தலைச் சுற்றளவு கேட்டது, அதையும் அளந்தார்கள். தாய்ப்பால் குடிக்கிறதா? இல்லை. தடுப்பூசி? போடவில்லை. இப்படி இருபது மாதம் ஓடியது.

இருபத்தோராவது மாதம் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. குழந்தை எண் 215, சித்திரையில் பதினொரு கிலோ, ஆனியில் பதினெட்டு, ஐப்பசியில் நாலு. தலைச் சுற்றளவு தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர். ஒரு தடுப்பூசிகூட இல்லை. இந்தக் குழந்தையை உடனே நேரில் பார்க்க வேண்டும். தாயாரையும் ஆஜர்படுத்தவும். விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் இந்த மையத்தின் பதிவுகள் மொத்தமும் தள்ளுபடி, மூன்றாம் வருஷத்துக்கு அனுமதியும் கிடையாது.

ராசாமணி கடிதத்தை மூன்று பிரதி எடுத்துக் கோப்பில் போட்டாள். பிறகு உட்கார்ந்து அழுதாள். வேலை போனால் போகட்டும். மழையிலும் வெயிலிலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தவர்களிடம் அத்தனையும் குப்பைக்குப் போச்சு என்று எந்த வாயால் சொல்வது?

அடுத்த எடை நாளன்று காலையில், கடிதம் போட்ட டாக்டர் சுஜிதாவே சென்னையிலிருந்து வந்து இறங்கினார். ராசாமணி வழக்கம்போல எலுமிச்சம்பழத்தை நீட்டினாள். “எத்தனாவது வளைவுலீங்க டாக்டரம்மா?”

“எதுக்கு? வழியில ஃபைல் படிச்சிட்டு வந்தேன்.”

ராசாமணி குறிப்பேட்டில் வெள்ளையாகக் கிடந்த பக்கத்தைத் திறந்து அவர் பெயரை எழுதினாள். எழுபது வளைவிலும் குனிந்து கோப்பு படித்துவிட்டு வருகிற மனுஷியிடம் என்ன சொல்லித் தப்பிக்க முடியும்?

“215 எங்கே?” என்றார் டாக்டர். கவியரசன் ஒரு சாக்கைத் தூக்கி வந்து மேசைமேல் வைத்தான். சாக்கை விலக்கினதும் வாசம் அறையெல்லாம் பரவியது.

“இதுதானுங்க” என்றாள் ராசாமணி.

டாக்டர் பழத்தைப் பார்த்தார். கோப்பைப் பார்த்தார். “தாயார்?”

“நாந்தானுங்க.”

கவியரசன் ஜீப்பைப் பார்க்கப் போவதாகச் சொல்லி நழுவினான். டாக்டருக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா என்று முகத்தில் தெரியவில்லை. குரலில் கோபம்தான் வந்தது. “இது ஆராய்ச்சி, ராசாமணி. இனிமே பழமும் கிடையாது, பூசணியும் கிடையாது. நேரா குழந்தைகளை வைக்கச் சொல்லுங்க.”

கூடத்தில் இருநூறு பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். தராசு காலியாக இருந்தது. பெருமாயிதான் வாய் திறந்தாள். “ஏனுங்க டாக்டரம்மா, யாரு புள்ளைய மொதல்ல வெக்கோணும்? நீங்களே கையக் காட்டுங்க.”

டாக்டர் வரிசையைப் பார்த்தார். அவர் கண் யார்மேல் பட்டதோ அவள் குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டாள். மணி பத்தானது, பதினொன்றானது. ஒரு குழந்தை பசியில் அழத் தொடங்க, பக்கத்துக் குழந்தைகளும் சேர்ந்துகொண்டன. டாக்டரின் கை ஒருமுறை மேலே எழும்பி, யாரையும் காட்டாமல் கீழே இறங்கியது.

ராசாமணிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. அலமாரியைத் திறந்து ஒரு கோப்பை எடுத்து வந்தாள். “டாக்டரம்மா, என்னய என்ன வேணாச் சொல்லுங்க. ஆனா பழத்த நாங்க சும்மா வெக்கலீங்க. இங்க தராசு ரண்டு இருக்குதுங்க. ரண்டுலயும் அதே பழத்த வெச்சுப் பாப்பேன். ஒரே எடை வந்தாத்தான் புள்ளையத் தொட உடுவேன். போன தையில ஒத்து வரலீங்க, அன்னிக்கு வேலையவே நிறுத்திப்போட்டுத் தராச ரிப்பேருக்கு அனுப்பிச்சேன். எல்லாம் ஃபைல்ல இருக்குதுங்க.”

இருந்தது. ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டு எடை, தேதி, கையெழுத்து, மங்கலாக ஒரு முத்திரை. டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மெள்ள அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். “மத்த நாலு மையத்துலயும் தராசைச் சரிபார்க்கச் சொல்லி ரெண்டு வருஷமா மெயில் போடறேன். ஒருத்தரும் செய்யலை” என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். பிறகு குரலை உயர்த்தி, “பழத்தை வைங்க” என்றார்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. பதினாறு கிலோ நானூறு. இரண்டு தராசிலும் அதேதான். பெருமாயி முதல் ஆளாக எழுந்தாள். பொழுது சாய்வதற்குள் இருநூற்றுப் பதினான்கு குழந்தைகளும் ஏறி இறங்கியாயிற்று.

ஆனால் பழத்தைக் குழந்தை என்று வைத்துக்கொள்ள முடியாதல்லவா? இனி அது சரிபார்ப்பு எடை. 215ஐ மூடிவிட்டால் மற்றப் பதிவுகளுக்குத் தாமே பொறுப்பு என்றார் டாக்டர். மூடுவதற்கும் ஒரு படிவம் இருந்தது, தாயார் கையெழுத்தோடு. விலகக் காரணம் என்று டேப்லெட் மூன்று வழி காட்டியது: சம்மதம் இல்லை, குடும்பம் ஊர் மாறியது, இறப்பு.

“இறப்புன்னு போடுங்க. மேற்கொண்டு கேள்வி வராது, சீக்கிரம் முடியும்” என்றார் டாக்டர்.

கலைந்துகொண்டிருந்த தாய்மார் அப்படியே நின்றுவிட்டார்கள். “அய்யோ சாமி!” என்றாள் பெருமாயி.

ராசாமணியின் விரல் டேப்லெட்டுக்கு மேலேயே நின்றது. இருபது மாதம் அளந்தவள். வெறும் பழம்தான், அவளுக்குத் தெரியாதா? ஆனாலும், “அப்பிடிச் சொல்லாதீங்க டாக்டரம்மா” என்றாள். குடும்பம் ஊர் மாறியது என்பதைத் தொட்டாள். தாயார் என்ற இடத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். பிறகு தராசின் அருகே போய், பழத்தை உச்சியிலிருந்து அடிவரை இரண்டு கைகளாலும் வழித்து, விரல்களை நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். பத்தும் சொடுக்கின.