நான் இறக்கிவிட்ட பதிவு

மாத்தளையில் நான் வைத்திருப்பது ஒரு சின்னக் கொமினிகேஷன் கடை. போட்டோ கொப்பி, போனுக்கு ரீலோட், பாஸ்போர்ட் அளவுப் படம், அவ்வளவுதான். ஆள் வராத நேரமே அதிகம். அந்த நேரத்தில்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

ஒரு தமிழ்ச் செய்தித் தளம், பெயர் வேண்டாம். அதில் யாரும் எதையும் பதியலாம். வாசிக்கிறவர்கள் மேல் அம்பை அழுத்தினால் பதிவு ஏறும், கீழ் அம்பை அழுத்தினால் இறங்கும். முதல் அரை மணி நேரத்துக்குள் நன்றாக ஏறிவிட்டால் முன்பக்கத்துக்கு வந்துவிடும். ஏழெட்டுக் கீழ் அம்பு விழுந்தால் மடங்கிப் போகும், பிறகு தேடிப் போனால்தான் கண்ணில் படும். தம்புள்ளைச் சந்தையின் மரக்கறி விலையை யாரோ ஒரு புண்ணியவான் தினமும் அதில் போட்டுவிடுவதால், லொறிக்காரர்களும் வியாபாரிகளும் விடிந்ததும் அந்த முன்பக்கத்தைத்தான் திறப்பார்கள்.

அதில் நான் பெரிய கை. தானாக வந்த பெருமையில்லை. நாங்கள் பதினான்கு பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். ஒருவர் இணைப்பைப் போட்டால் மற்றவர்கள் ஏற்றிவிட வேண்டும். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர் வீட்டுக்கு நாம் போகாமல் இருக்க முடியுமா, அந்த மாதிரி. திறந்து வாசிக்கும் பழக்கமே கிடையாது. வாசித்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும், பதிவு செத்துவிடும். இன்னொன்றும் செய்வோம். எங்களில் ஒருவரின் பதிவு ஏறிக்கொண்டிருக்கும்போது பின்னால் முட்டிக்கொண்டு வரும் புதுப் பெயர்க்காரர்களை இறக்கிவிடுவோம். "அதுல மொதலாவதா வந்து என்னத்தக் கிழிக்கப் போறீங்க?" என்று என் மனைவி கேட்பாள். இவளுக்கு எங்கே விளங்கப் போகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அன்றைக்குக் காலையில் ஏறிக்கொண்டிருந்தது என் பதிவு. என்ன பதிவு தெரியுமா? பஸ் நிலையத்தில் ஒரு அம்மாவின் கையிலிருந்த பாண் பையைக் குரங்கு பறித்துக்கொண்டு ஓடிய வீடியோ. இப்போது அதைச் சொல்லவே நாக்கூசுகிறது. பின்னால் மூன்று புதுப் பதிவுகள் வந்தன. "பின்னால வர்ற மூணையும் இறக்குங்க" என்று குழுவில் எழுதிவிட்டு நானும் மூன்றிலும் அழுத்தினேன். அதில் ஒன்றின் தலைப்பு 'அவசர உதவி தேவை'. காசு கேட்கும் ஏமாற்று வேலையாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். ஒன்றும் நினைக்கவில்லை, கை பழகிப்போயிருந்தது. பத்து நிமிடத்தில் மூன்றும் மடங்கின.

மறுநாள் கடை திறந்த கையோடு ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும், யட்டவத்தயிலிருந்து வருவதாகச் சொன்னாள். அவள் நீட்டிய தாளில் ஒரு வயதானவரின் படம், மேலே தமிழிலும் சிங்களத்திலும் 'காணவில்லை'. நூறு கொப்பி கேட்டாள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அவளாகவே சொன்னாள். அப்பாவுக்குக் கொஞ்ச நாளாக ஞாபகம் தடுமாறுகிறது, சீனி வருத்தமும் இருக்கிறது. முந்தாநாள் மாத்தளைக்குக் கிளினிக் வந்த இடத்தில், இவள் மருந்து வரிசையில் நின்ற நேரம் எழுந்து போய்விட்டார். தம்புள்ளை பஸ்ஸில் ஏறியதை யாரோ கண்டிருக்கிறார்கள். பொலிஸில் என்ட்ரி போட்டாயிற்று.

"நேத்துக் காலைலயே அந்த சைட்டுலயும் போட்டேண்ணே. தம்புள்ளையில எல்லாரும் அதத்தான் பாப்பாங்கன்னு சொன்னாங்க. போட்ட ஒடனே காணாமப் போயிருச்சு. எனக்குப் போடத் தெரியலையோ என்னமோ. கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?" என்று போனை நீட்டினாள்.

'அவசர உதவி தேவை.'

போனை வாங்கித் திறந்தேன். உள்ளே அதே படம், சட்டையின் நிறம், வலது காலில் ஆறாத புண் இருக்கிறது என்ற விவரம், அவளுடைய நம்பர், எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவள் ஒரு பிழையும் விடவில்லை. பிழை விட்டவனிடம்தான் வந்து கேட்டுக்கொண்டு நின்றாள்.

"புதுக் கணக்குன்னா சில நேரம் அப்படித்தான் தங்கச்சி ஆகும். நான் ஏத்தி விடுறேன்" என்றேன். பொய் அவ்வளவு லேசாக வாயில் வந்தது. என் கணக்கிலிருந்து அதைப் புதிதாகப் போட்டுக் குழுவிலும் இணைப்பைப் போட்டேன். யாரும் வாசித்திருக்க மாட்டார்கள். இருபது நிமிடத்தில் முன்பக்கத்தில் முதலாவதாக வந்துவிட்டது. அவள் கண் கலங்க என்னைப் பார்த்தாள்.

அவள் கடைப் படி இறங்குவதற்குள் போன் அடித்தது. கை நிறையக் கொப்பிகள் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். பேசியவர் தம்புள்ளையில் பூசணிக்காய் வியாபாரம் செய்யும் ஒரு முஸ்லிம் பெரியவர். நேற்று விடிந்ததிலிருந்து பின்னேரம் வரைக்கும் இந்த ஐயா என் மூட்டைகளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், தேத்தண்ணிகூட வாங்கிக் கொடுத்தோம், வீட்டுக்குப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், கடைசியில் வீடு அந்தப் பக்கமென்று நினைத்து யாரோ வில்கமுவ பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள் என்றார். பிறகு, "நேத்துக் காலைல இதக் கண்டிருந்தா விட்டிருப்போமா மகள்? கையப் புடிச்சு வச்சிருப்போமே" என்றார்.

அவள் எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மெஷினுக்குத் தாள் போடுகிறவனைப்போல் குனிந்துகொண்டேன்.

வில்கமுவ பக்கம் பஸ் குறைவு, வயல்தான் அதிகம். இரண்டு நாள் கழித்து வாய்க்கால் ஓரத்தில் கிடந்தவரை டிராக்டரில் போன விவசாயிகள் கண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் இருந்தது. புண் சேற்றில் ஊறி அழுகிப்போயிருந்தது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். முதல் நாளே பிடித்திருந்தால் கால் தப்பியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. எந்த டாக்டரிடமும் நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் எனக்குச் சௌகரியம், அவ்வளவு கேவலமானவன் நான்.

குழுவில் மட்டும் நடந்ததைச் சொன்னேன். நமக்கு எப்படித் தெரியும், தலைப்பை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும் என்று ஒருவர் எழுத, மற்றவர்கள் வரிசையாகக் கட்டைவிரல் போட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் யாரைத் திட்டுவது? இறக்குங்கள் என்று சொன்ன வாய் என்னுடையது. குழுவிலிருந்து விலகினேன். அதைச் சொல்லி நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள்.

அடுத்த மாதம் அவள் அந்தத் தளத்தில் நன்றி எழுதியிருந்தாள். யாருமே உதவாத நேரத்தில் மாத்தளைக் கடை அண்ணன் ஒருவர்தான் கைகொடுத்தார் என்று. அது முன்பக்கத்தில் இரண்டு நாள் நின்றது. அதை ஏற்றியது என் பழைய குழுக்காரர்கள்தான் என்பது எனக்குத் தெரியும். உண்மையைக் கீழே எழுத ஆரம்பித்து, ஒவ்வொரு தடவையும் அழித்தேன்.

போன வாரம் கடைக்கு முன்னால் ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. உள்ளே அவளும் அப்பாவும். மடித்து ஊசி குத்திய காற்சட்டையைப் பார்க்காமல் முகத்தையே பார்த்துக்கொண்டு கிட்டப் போனேன். பல நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று துணிந்துவிட்டேன்.

"தங்கச்சி, ஒன்னு சொல்லணும்."

"சொல்லுங்கண்ணே."

"ஐயாவுக்குப் படம் ஏதும் எடுக்கணுமா?" என்று கேட்டு வைத்தேன்.

அவள் சிரித்துக்கொண்டே வேண்டாமென்று தலையாட்டிவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினாள். "இவங்கதாம்ப்பா. இவங்க இல்லாட்டி நீங்க எங்களுக்குக் கெடச்சிருக்க மாட்டீங்க."

அவருக்கு நான் யாரென்று விளங்கியிருக்காது. மகள் சொன்னதற்காக இரண்டு கையையும் சேர்த்து என்னைக் கும்பிட்டார். நான் அதை வாங்கிக்கொண்டேன்.