இரண்டு மணி என்றால் இரண்டு மணி

சிவநேசத்துக்குப் பதவி ஆசை பிடித்துவிட்டது என்று கனடாவின் மொன்றியல் நகரம் முழுக்கக் கதை. பிடித்தது உண்மைதான். ஆனால் அந்த ஆசைக்கு எட்டு வயது என்பதும், அதற்குக் காரணம் ஒரு நோட்டீஸ் என்பதும் ஒருவருக்கும் தெரியாது.

அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. பிற்பகல் மூன்றரைக்குள் வருகை அட்டையைத் தட்டியாக வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் மேற்பார்வை பார்க்கிற ஜெசிக்கா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே பிரெஞ்சு வணக்கமாக "பொன்சூர், சிவா" என்பாள். ஏழு வருடத்தில் அந்தப் பொன்சூரைச் சிவநேசம் இரண்டே தரம்தான் வாங்கியிருக்கிறாள். இரண்டு தரமும் பனிப்புயல்.

இப்படி நிமிடத்தை எண்ணி வாழ்கிறவள் கலைமலர் ஒன்றியம் என்ற தமிழ்ச் சங்கத்தில் போய் உறுப்பினராக இருந்தாள். ஒன்றியத்தின் நோட்டீஸில் இரண்டு மணி என்று இருந்தால் நான்கு மணி என்று வாசிக்க வேண்டும். ஆறு என்றால் எட்டு. சொன்ன நேரத்துக்கு வருகிறவர்களை அங்கே கதிரை அடுக்க விடுவார்கள். சிவநேசம் அடுக்கிய கதிரைகளுக்குக் கணக்கில்லை.

இந்த வருடத் தலைவர் தேர்தலில் ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் இருக்கிற ரதீசன் இறங்கினார். வீடு வாங்கி விற்கும் முகவர். பஸ் தரிப்பிடங்களில் அவருடைய முகம் வருடம் முழுவதும் சிரித்துக்கொண்டிருக்கும். ஒன்றியத்தின் கூட்டம் ஒன்றுக்கும் அதுவரை தலை காட்டாதவர், அதையே தன் தகுதியாகச் சொன்னார்.

"நான் வெளியாள். உங்கட பழைய குழுச்சண்டை ஒண்டும் எனக்குத் தெரியாது. அமெரிக்காவிலையும் இப்ப வெளியாக்கள்தானே ஜனாதிபதிக்குக் கேக்கினம். ஆனால் ஒண்டு, காசில்லாமல் எலெக்ஷன் இல்லை."

சொன்னதோடு நிற்கவில்லை. ஒரே நாளில் நூற்றறுபது பேரை ஒன்றியத்தில் சேர்த்து, ஆளுக்கு இருபது டொலர் சந்தாவையும் தன் கையால் கட்டினார். வாக்களிப்பு நாளில் அவர்களை ஏற்றிவர இரண்டு பஸ், வந்தவர்களுக்கெல்லாம் ஆட்டிறைச்சிப் பிரியாணி. செயலாளர் நீக்கிலாப்பிள்ளை இதையெல்லாம் கேட்டுவிட்டு, புதுத் தலைவருக்கு மாலை எங்கே வாங்கலாம் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

எதிர்த்து நின்றவள் சிவநேசம் ஒருத்திதான். அவளும் வெளியாள்தான், ஆனால் வேறு பக்கத்து வெளி. நிர்வாக சபையில் இருந்ததில்லை, மேடையில் ஏறியதில்லை, ஒலிவாங்கியைத் துடைத்திருக்கிறாள். அவள் கொடுத்த வாக்குறுதி ஒன்றே ஒன்று. அதை மகள் நிருஷா கணினியில் பெரிய எழுத்தில் அடித்துக் கொடுத்தாள்: இரண்டு மணி என்றால் இரண்டு மணி.

நிருஷாவுக்கு இருபது வயது. பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். வீட்டில் பாதி பிரெஞ்சு, பாதி தமிழ், கோபம் வந்தால் இங்கிலிஷ்.

"அம்மா, அந்தாளிட்ட ரெண்டு பஸ் இருக்கு. உங்களிட்ட என்ன இருக்கு?"

"மணிக்கூடு."

அந்த மணிக்கூட்டை நம்பித்தான் அவள் வாக்குக் கேட்டாள். உடுப்பு மாற்றும் அறையில் கேட்டாள், ஆஸ்பத்திரி லிஃப்டில் கேட்டாள். டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு பொதி செய்கிற பெண்களை பஸ்ஸில் கண்டு கேட்டாள். எல்லாம் அட்டை தட்டுகிற சனம். சந்தாவைத் தங்கள் காசில் கட்டிய சனமும்கூட.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தேர்தல் கூட்டம் இரண்டு மணிக்கு என்று நோட்டீஸ். தேவாலயத்துக்குக் கீழே இருந்த மண்டபத்தில் இரண்டு மணிக்கு முப்பத்தெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் சிவநேசத்தோடு மூன்று மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டியவர்கள். அதற்குள் வாக்கெடுப்பு நடந்தால் நடந்தது. நடக்காவிட்டால் அவள் தோற்பதைப் பார்க்க அவள்கூட அங்கே இருக்க மாட்டாள்.

தேர்தல் அதிகாரி அரியரத்தினம். இலங்கையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். பிந்துவதைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஒன்றியத்தின் விதிகள் எழுதிய யாப்பைப் புரட்டிப் பார்த்து, அரை மணி நேரம் காத்திருந்த பிறகு முப்பது பேர் இருந்தால் கூட்டத்தை நடத்தலாம் என்று வாசித்தார். அப்படி ஒரு விதி இருப்பதே பலருக்கு அன்றுதான் தெரியும்.

இரண்டரைக்கு நீக்கிலாப்பிள்ளை பதறிப்போய் ரதீசனுக்குத் தொலைபேசி எடுத்தார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தையும் கூட்டி வைத்தார். அது அவர் விட்ட பிழை.

"பாலத்திலை நிக்கிறம் அண்ணை. பத்து நிமிசம்."

பாலத்தில் நிற்கிறோம் என்றால் இன்னும் வீட்டில் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். இது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். போதாததற்கு, பின்னால் யாரோ தலைமயிர் உலர்த்துகிற இரைச்சல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"தலைவரா வரப்போறவர் வராமல் எப்பிடித் தொடங்கிறது?" என்றார் நீக்கிலாப்பிள்ளை. "நாலு மணிக்கு வைப்பம். எப்பவும் அப்பிடித்தானே."

சிவநேசம் எழுந்தாள். பேசுவதற்கு அவள் ஒன்றும் எழுதிக்கொண்டு வரவில்லை.

"அண்ணை, எப்பவும் அப்பிடித்தான். எட்டு வருசத்துக்கு முதல் எங்கட கலைவிழாவிலை என்ரை பிள்ளையின்ரை டான்ஸ் ஏழேகாலுக்கு எண்டு நோட்டீசிலை போட்டிருந்தினம். அப்ப எனக்கு டோர்வலிலை இரவு வேலை. தலை பின்னி, பூ வைச்சு, சலங்கை கட்டி விட்டிட்டு இருந்தன். எட்டே முக்கால் வரைக்கும் பேச்சுத்தான் நடந்தது. நான் பஸ்ஸுக்கு இறங்கிட்டன். பிள்ளை ஒன்பதரைக்கு ஆடினவளாம். பேந்து ஆரோ போனிலை எடுத்த வீடியோ பாத்தன். அதிலை முன்னுக்கு இருந்த ஆளின்ரை தலைதான் தெரிஞ்சது. அண்டைக்கு விமான நிலையத்திலை பக்கெட்டோட நிண்டு அழுதனான். இண்டைக்கும் மூண்டு மணிக்கு நான் போகவேணும்."

பின்னால் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த நிருஷாவின் கை நின்றுவிட்டது. மேடையிலிருந்து பார்த்தபோது அம்மாவின் கதிரை காலியாக இருந்தது மட்டும்தான் இத்தனை வருடமும் அவளுக்குத் தெரியும். டான்ஸ் வகுப்பை அடுத்த மாதமே விட்டதற்கு அதுதான் காரணம். அதை அவள் வீட்டில் சொன்னதுமில்லை.

அரியரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் இருந்த ஸ்டேஷனிலையிருந்து ஒரு ரெயிலும் நேரத்துக்குப் போகேல்லை. இண்டைக்கு ஒண்டு போகட்டும். வாக்குச் சீட்டைக் குடுங்கோ."

இரண்டு ஐம்பதுக்கு முடிவு வந்தது. சிவநேசம் முப்பத்தைந்து, ரதீசன் மூன்று. மூன்றில் ஒன்று நீக்கிலாப்பிள்ளையுடையது. மற்ற இரண்டும் பிரியாணிக்கு விழுந்தவை என்று பேசிக்கொண்டார்கள். புதிய தலைவியின் ஏற்புரை ஒன்றியத்தின் வரலாற்றிலேயே மிகச் சிறியது.

"நன்றி. கலைவிழா ஆறு மணிக்கு. நான் போறன்."

மூன்று இருபத்தெட்டுக்கு அட்டையைத் தட்டினாள். ஜெசிக்கா நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

மிச்சக் கதையை அவளுக்கு நிருஷாதான் கொண்டுவந்தாள். ஏழு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. கீழ்த்தளத்து ஓய்வறையில் சிவநேசம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது, பனிச் சப்பாத்தோடு உள்ளே வந்து ஒரு பெட்டியை மேசையில் வைத்தாள். திறந்தால் பிரியாணி.

"நாலு பத்துக்கு ரெண்டு பஸ்ஸும் வந்தது அம்மா. ரதீசன் மாமா கோட் சூட்டோட முதல் ஆளா இறங்கினார். தொடங்காமல் எப்பிடி முடிஞ்சது எண்டு கேட்டார். நான் நோட்டீசைக் காட்டினன்."

"பிறகு?"

"கொஞ்ச நேரம் கத்தினார். பிரியாணி ஆறுது எண்டு சனம் இருந்து சாப்பிடத் தொடங்கிட்டுது. பேந்து அவரும் சாப்பிட்டார். உங்களுக்கு இது அவரே போட்டுத் தந்தது. தலைவிக்காம்."

சந்தாவாக அவர் கட்டிய மூவாயிரத்து இருநூறு டொலரும் ஒன்றியத்தின் பெட்டியில் பத்திரமாக இருந்தது. ஒரு வாய் வைத்ததும் சிவநேசத்துக்குத் தெரிந்துவிட்டது, மனிதர் இறைச்சியில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. உண்மையிலேயே அவர் மேல் கொஞ்சம் பாசம் வந்தது.

நிருஷா சாப்பிடவில்லை. சுவரில் இருந்த மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, இரண்டு கதிரைகளைத் தள்ளி வைத்து, சப்பாத்தைக் கழற்றினாள்.

"என்ன செய்யிறாய்?"

"ஏழேகால் அம்மா. நோட்டீசிலை போட்ட நேரம்."

தாளமும் இல்லை, சலங்கையும் இல்லை. தடித்த கம்பளிக் காலுறையோடு அவள் அரைமண்டியில் இருந்தாள். அன்றைய ஆட்டத்தின் முதல் ஒரு நிமிடம் அப்படியே வந்தது. அதற்குப் பிறகு அடவு மறந்துபோய், நினைவில் இருந்த கை முத்திரையை எல்லாம் போட்டு, நடுவில் சிரித்து, கடைசியில் கும்பிட்டாள்.

சிவநேசம் கையில் எடுத்த சோற்றைக் கீழே வைக்காமல் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பார்த்தாள். முன்னால் யாருடைய தலையும் இல்லை.