கோடிட்ட இடத்தில் ஒளிந்திருந்தவள்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் விஜி ஒன்பது வருஷமாக பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கிறாள். இந்த ஒன்பது வருஷத்தில் ஒரு பிரெஞ்சுக்காரரிடமாவது பிரெஞ்சில் ஒரு வாக்கியம் பேசியிருக்கிறாளா என்றால், இல்லை. அதற்கு முன்னாலும் இல்லை. இது அவள் புருஷன் ரவிக்குக்கூடத் தெரியாது.

அவளை முழுசாகக் குறை சொல்லவும் முடியாது. காலேஜில் தமிழ் எடுத்தால் எழுபது வரும், பிரெஞ்சு எடுத்தால் தொண்ணூற்றைந்து வரும் என்று சீனியர்கள் சொன்னார்கள், எடுத்தாள். பெங்களூரில் பாதிப் பேர் பிரெஞ்சு படித்த கதை அதுதான். அப்புறம் எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில், பிரான்சிலிருந்து வரும் புகார்க் கடிதங்களைப் படித்து எந்தப் பிரிவுக்கு எது போக வேண்டும் என்று குறிக்கும் வேலை. ஒரு நாளைக்கு இருநூறு கடிதம் படித்தாள். வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. அந்தப் பிரிவை மூடியதும் பேக்கரி மாடியில் சுதீர் நடத்தும் கோச்சிங் சென்டருக்கு வந்து சேர்ந்தாள்.

இங்கே வருகிறவர்கள் கனடாவுக்குப் போகத் துடிக்கும் நர்ஸுகள், லேப் டெக்னீஷியன்கள். அவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 'நேற்று வந்த டாக்டர்' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பிரெஞ்சில் டாக்டரைச் சொல்லிவிட்டு, நடுவில் ஒரு சின்னச் சொல்லைப் போட்டு, அதற்குப் பிறகுதான் அவர் வந்ததைச் சொல்ல வேண்டும். அந்தச் சின்னச் சொல் 'கி'யா, 'க'வா, 'ஊ'வா, 'தோன்'னா என்பதில்தான் மண்டை காயும். விஜியிடம் அதற்கு ஒரு வழி இருந்தது. கோடிட்ட இடத்துக்குப் பின்னால் வினைச்சொல் வந்தால் கி போடு, ஆள் வந்தால் க போடு, இடமோ நேரமோ என்றால் ஊ போடு. வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று பார்க்கவே வேண்டாம். போர்டில் இருபது கோடுகள் இழுத்தால் இருபதையும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புவார்கள்.

எழுத்துத் தேர்வில் தேறினார்கள். பேச்சுத் தேர்வில் வரிசையாக விழுந்தார்கள். சந்திரம்மா இரண்டு தடவை விழுந்தாள். நாற்பத்து நாலு வயசு, ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் வார்டில் நர்ஸ். விழுந்த ஒவ்வொரு தடவையும் அவள் தன்னைத்தான் திட்டிக்கொண்டாள், மிஸ்ஸைத் திட்டவில்லை. விஜியும் வீட்டில் நிறையக் கேட்டுப் பழகுங்கள் என்று சொல்லி நழுவிவிடுவாள். அன்றைக்கெல்லாம் அவளுக்குச் சோறு இறங்காது.

ஒரு தடவை மெட்ரோவில் அவள் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு ஜோடி நின்றது. எம்.ஜி. ரோடு போய்விட்டதா, இனிமேல்தானா என்று தங்களுக்குள் குழம்பிக்கொண்டார்கள். விஜிக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. ட்ரினிட்டிக்கு அடுத்த ஸ்டேஷன்தான் என்று சொன்னால் போதும். நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. தான் இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு ஸ்டேஷன் முன்னாலேயே ட்ரினிட்டியில் இறங்கி, வெயிலில் நடந்தே போனாள். துரத்திக்கொண்டு யாரும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

இப்படி ஒளிந்து பிழைத்துக்கொண்டிருந்தவளிடம்தான் சுதீர் திங்கட்கிழமை வந்து, புதுச்சேரியிலிருந்து கிளேர் என்ற பிரெஞ்சுக்கார அம்மா புதன்கிழமை வகுப்பில் உட்காரப் போகிறார் என்றார். அவர் சரி என்றால் சென்டருக்குப் பெரிய நிறுவனம் ஒன்றோடு கூட்டு கிடைக்கும். டீச்சர் சரியா என்பதையும் அவர்தான் பார்த்துச் சொல்வார்.

"சும்னே, சும்மாதான் வந்து உட்காருவாங்க மேடம். உங்களுக்கென்ன, தண்ணி மாதிரி பேசுவீங்க" என்றார் சுதீர்.

ரவியின் கம்பெனி மூடி ஏழு மாதமாகிறது; வீடு ஓடுவதே இந்த வேலையால்தான். லீவு போடலாமா, காய்ச்சல் என்று சொல்லலாமா என்று இரண்டு நாளும் யோசித்தாள். உண்மையாகவே காய்ச்சல் வந்துவிடாதா என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அது பாட்டுக்கு ஜில்லென்று இருந்தது.

கடைசியில் எல்லா வாத்தியார்களும் இன்ஸ்பெக்‌ஷனுக்குச் செய்வதையே செய்தாள். வகுப்பில் இருந்த பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு கேள்வி, ஒரு பதில். யார் எதைச் சொல்ல வேண்டும், யாருக்குப் பின்னால் யார் என்று செவ்வாய்க்கிழமை முழுக்க ஒப்பிக்க வைத்தாள். சந்திரம்மாவுக்குக் கிடைத்தது, 'பெங்களூர் நான் வேலை செய்கிற ஊர்.'

புதன்கிழமை கிளேர் வந்தார். பருத்திச் சட்டை, தோளில் துணிப்பை, சிரித்த முகம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் சுதீர் இஸ்திரி போட்ட கோட்டோடு. விஜி பன்னிரண்டு கோடுகள் இழுத்தாள். முதல் ஆள் சொன்னார், இரண்டாவது ஆள் சொன்னார், பன்னிரண்டு பேரும் பிசகாமல் சொல்லி முடித்தார்கள். சுதீருக்கு முகமெல்லாம் பல். விஜிக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது.

அப்போது கிளேர் எழுந்து முன்னால் வந்து, விஜியைப் பார்த்து பிரெஞ்சில் ஏதோ கேட்டார். விஜி தலையை ஆட்டினாள். கேள்வி பிடிபடாத ஆட்டல் அது என்று கிளேருக்குப் புரிந்துவிட்டது. இன்னொரு தடவை, மெதுவாக, நோயாளியிடம் பேசுவதுபோலக் கேட்டார். நீங்கள் வழக்கமாக யாரோடு பிரெஞ்சு பேசுவீர்கள்?

வேண்டாத கேள்வி ஒன்றுமில்லை. மரியாதைக்குக் கேட்டது. காலேஜ் தோழிகளோடு என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பொய்யையும் பிரெஞ்சில்தான் சொல்ல வேண்டும். அதற்கு மேல் கேட்டால் இன்னொரு பொய்யும் பிரெஞ்சில்தான். பொய்க்கு வார்த்தை தேட அவளிடம் தெம்பு இல்லை. இருந்த தெம்புக்கு உண்மைதான் கையில் கிடைத்தது.

"வூ ஸெத் லா ப்ரமியேர் பேர்ஸோன் அவெக் கி ஷ பார்ல் ஃப்ரான்ஸே" என்றாள்.

நான் பிரெஞ்சு பேசுகிற முதல் ஆள் நீங்கள்தான். சொல்லிவிட்டாள். வாக்கியத்தில் ஒரு பிழை இல்லை. கிளேர் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

சுதீர் கைதட்டினார். பாவம், அவருக்கு வணக்கம் சொல்லும் போன்ஷூருக்கு மேல் பிரெஞ்சு தெரியாது. நீளமாக ஒரு வாக்கியம் வந்தது, வந்தவர் அசந்து நிற்கிறார், அவருக்கு அது போதும். விஜி தப்பித்துவிட்டாள் என்றே சொல்ல வேண்டும். கிளேர் காட்டிக்கொடுக்கிற ஆளாகத் தெரியவில்லை. ஆனால் சுதீர் சும்மா இருந்தால்தானே. மாணவர்களின் கெட்டிக்காரத்தனத்தையும் காட்டிவிட ஆசைப்பட்டு, மேடம் இப்போது என்ன சொன்னார் என்று யார் தமிழில் சொல்வீர்கள் என்று கேட்டார்.

பதினொரு பேர் குனிந்துகொண்டார்கள். சந்திரம்மா எழுந்தாள்.

சொல்லாதே, உனக்குத் தெரியாது, எப்போதும்போல் தெரியாமலே இரு என்று விஜி மனசுக்குள் கெஞ்சினாள். சந்திரம்மாவின் உதடுகள் அசைந்தன. ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு இல்லை, கட்டம் இல்லை, ஒப்பித்த பதில் இல்லை. இரண்டு வருஷமாக அந்த முகத்தில் விஜி பார்க்காத ஒன்று அப்போது வந்தது. அதைப் பார்த்ததும் விஜியின் பயம் இரண்டாகப் பிளந்தது. இவள் சரியாகச் சொன்னால் என் வேலை போய்விடும். தப்பாகச் சொன்னால், இரண்டு வருஷம் இவளுக்கு நான் சொல்லிக் கொடுத்தது ஒன்றுமே இல்லை. எதற்குப் பயப்படுவது என்று தெரியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ் அவங்ககிட்ட, நான் பிரெஞ்சுல பேசுற மொதல் ஆளே நீங்கதான்னு சொன்னாங்க சார்" என்றாள் சந்திரம்மா. புரிந்துவிட்ட சந்தோஷத்தில் படபடவென்று சொன்னவள், சொன்னது என்ன என்று அப்புறம்தான் உணர்ந்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுதீரின் கைகள் கீழே இறங்கின. முகத்தில் ஈயாடவில்லை. இல்லை, அப்படிச் சொல்லவில்லை என்று விஜி ஒரு வார்த்தை சொன்னால் அவர் நம்பியிருப்பார். நம்பத்தான் அவரும் காத்திருந்தார்.

"கரெக்டா சொன்னீங்க சந்திரம்மா. உக்காருங்க" என்றாள் விஜி.

சுதீர் அவள் பக்கம் வந்து, வகுப்பு முடிந்ததும் ரூமுக்கு வரச் சொன்னார். இனி இந்த பேட்ச்சை யார் எடுப்பது என்று பேச வேண்டுமாம். வழக்கமான 'மேடம்' அதில் இல்லை. ரவியிடம் இதை எப்படிச் சொல்லப்போகிறோம் என்று விஜி நினைத்தாள்.

வகுப்பு முடிய இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. போர்டை அழித்தாள். நோட்டை மூடிவிட்டு ஒவ்வொருவராக வந்து கிளேரோடு என்ன வேண்டுமானாலும் பேசுங்கள், தப்பாகவே பேசுங்கள் என்றாள். சந்திரம்மா முதலில் போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் தயங்கித் தயங்கி வரிசையானார்கள். அந்த வரிசையின் கடைசியில் விஜியும் போய் நின்றாள்.