உள்ளே படிந்த கரி

நான் புகைப்பதில்லை. ஆனால் தலைநகரில், கோல் மார்க்கெட் பக்கத்தில் எங்கள் அரசுக் குடியிருப்பின் பின் பால்கனியில் உட்கார்ந்து, சனிக்கிழமைகளில் புகை பிடிக்கும் பைப்புகளை மரத்தில் செய்கிறேன். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டது. பிரையர் என்ற புதரின் வேர்க்கட்டையை வரவழைத்து, துளையிட்டு, அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து முடிக்க மூன்று சனிக்கிழமைகள் ஆகும்.

போன குளிர்காலத்தில் புசா ரோட்டிலிருந்து ஓர் அம்மாள் போன் செய்தார். ஓய்வுபெற்ற நர்ஸ், திருநெல்வேலிப் பக்கம். பழைய புகைப்படம் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதில் அவர் கணவர் இளவயதில், வாயில் வளைந்த பைப்போடு நின்றார்.

“அவியளுக்கு இப்ப எதுவும் ஞாபகமில்ல தம்பி, எம்பேருகூட. ஆனா பைப்ப மட்டும் தேடிக்கிட்டே இருக்காவ. முப்பது வருசம் முந்தி நாந்தான் அதக் குப்பையில போட்டேன். அதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க. பத்தவைக்க விடமாட்டேன், சும்மா கையில வச்சிக்கிடட்டும்.”

பாதி வடிவம் வந்தபோது, புகையிலை அடைக்கும் கிண்ணத்தின் அடியில், வெளியே இடப்பக்கம், ஒரு சின்னக் குழி தெரிந்தது. அந்த வேரில் இது வழக்கம்தான். மண்ணைச் சுற்றி வளர்ந்த இடம். வேறு யாருக்காவது என்றால் கட்டையையே ஒதுக்கியிருப்பேன். எரியப் போவதில்லையே என்று மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, சாயம் பூசி மெழுகு தேய்த்தேன். மறுநாள் எனக்கே இடம் தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

கொண்டுபோய்க் கொடுத்தபோது பெரியவர் ஜன்னலோர வெயிலில் உட்கார்ந்திருந்தார். பைப்பை வாங்கி, வாயில் வைக்காமல் தடவிக்கொண்டே இருந்தார். கட்டைவிரல் நகம் கிண்ணத்தின் அடியில், இடப்பக்கம் போய் நின்றது.

“இங்கன அடச்சிருக்கியே” என்றார்.

எனக்குக் காது சூடானது. ஒப்புக்கொண்டேன். வேறு செய்து தருகிறேன் என்று கையை நீட்டினேன். அவர் பைப்பை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“என்னுதுலயும் இதே எடத்துலதான் ஓட்ட. இது என்னுதுதான்.”

அந்த அம்மாள் என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். பெரியவர் இத்தனை வார்த்தை பேசி மாதக்கணக்கு ஆகிறதாம்.

மூன்று வாரம் கழித்து மறுபடி போன்.

“வீடெல்லாம் புகையில வாடை தம்பி. புகையிலையே இங்க கிடையாது. தீப்பெட்டி, கேஸ் லைட்டரு எல்லாத்தையும் பீரோவுல வச்சுப் பூட்டியிருக்கேன். அவியளோ எந்திரிச்சு நடக்கவே மாட்டாவ. நானுந்தான் வீட்ட விட்டு எங்கயும் போறதில்ல.”

ஞாயிறு காலை போனேன். மாடிப்படியிலேயே அந்த இனித்த வாடை வந்தது. பெரியவர் அதே நாற்காலியில் இருந்தார். அம்மாள் கெஞ்சி வாங்கித் தந்த பைப்பை வெளிச்சத்தில் திருப்பினேன். கிண்ணத்தின் உள்சுவர் முழுக்கக் கரி, ஒரு ரூபாய் நாணயம் கனத்துக்கு. தினமும் பிடித்தால்கூட அப்படிப் படிய ஒரு வருஷம் ஆகும். நான் கொடுத்தபோது உள்ளே வெறும் மரம்.

“என்னது தம்பி?”

“கரிம்மா.”

அம்மாள் சட்டென்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, “சுரண்டிருங்க. ஆனா கொண்டு போயிராதீங்க, அவிய தேடுவாவ” என்றார்.

செய்தித்தாளை விரித்து, பேனாக்கத்தியால் மெல்லச் சுரண்ட ஆரம்பித்தேன். கறுப்பாக உதிர்ந்தது. பெரியவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மெதுவாடே” என்றார். “இப்பதான் பிடிச்சு வச்சேன், சூடு இருக்கும்.”

மரம் சில்லென்றுதான் இருந்தது. ஆனாலும் என் கை தானாக விலகிக்கொண்டது. மீதியைச் சுரண்டாமலே அவர் மடியில் வைத்துவிட்டு எழுந்தேன்.